ஆறு இடம் வேண்டாம், ஆற்றங்கரை போதும்

கேள்வி: எனக்கு 61 வயது, கணவருக்கு 64. மழைக்காட்டு விலங்குகளை, முக்கியமாக ஒராங்குட்டானை, அதன் காட்டிலேயே பார்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. எனக்கு முழங்கால் தேய்மானம். சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பேன். படி ஏறி இறங்குவதுதான் சிரமம். வண்டியில் ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. ஒரு பயண ஏற்பாட்டாளர் 9 இரவுக்கு 6 இடம் போட்டு போர்னியோ திட்டம் ஒன்று கொடுத்திருக்கிறார்: கோத்தா கினபாலு, கினபாலு மலைப் பூங்கா, செபிலோக், கினபத்தாங்கான் ஆறு, டானும் பள்ளத்தாக்கு, சரவாக்கில் பாக்கோ. மகனோ அமேசான்தான் போக வேண்டும் என்கிறான். எங்களுக்கு எது சரிப்படும்? ஏ.சி. அறை கேட்பது காட்டுப் பயணத்துக்குப் பொருந்தாத ஆசையா?

பதில்: முதலில் மகனுக்கு ஒரு பதில். ஒராங்குட்டான் உலகத்திலேயே போர்னியோ, சுமத்ரா என்ற இரண்டு தீவுகளில் மட்டும்தான் காட்டில் வாழ்கிறது. அமேசானில் எத்தனை நாள் தங்கினாலும் அது கண்ணில் படாது. இன்னொரு காரணமும் உண்டு. அமேசான் காட்டுப் பகுதிகளுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும். 60 வயதுக்கு மேல் அந்த ஊசியை முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதல். நீங்கள் இருவருமே அந்த வயதைத் தாண்டிவிட்டீர்கள். போர்னியோவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. எனவே உங்கள் ஏற்பாட்டாளர் தேர்ந்தெடுத்த தீவு சரி. அவர் போட்ட கணக்குதான் சரியில்லை.

9 இரவில் 6 இடம் என்றால் ஒவ்வொரு இடத்திலும் சராசரியாக ஒன்றரை இரவு. மழைக்காட்டில் விலங்குகள் நடமாடுவது விடியற்காலையிலும் மாலையிலும்தான். நடுப்பகலில் காடே அடங்கிக் கிடக்கும். மதியம் 2 மணிக்கு வந்து இறங்கி, மறுநாள் காலை 9 மணிக்குப் பெட்டி கட்டினால் கைக்கு வருவது ஒரு மாலை, ஒரு காலை. அந்த ஒரு மாலையில் மழை கொட்டிவிட்டால் அந்த இடமே கணக்கில் சேராது. மழைக்காட்டில் மழை கொட்டத்தான் செய்யும். அதனால் ஒரே இடத்தில் குறைந்தது 3 இரவு என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு வேளை மழையில் போனாலும் நான்கைந்து வேளை மிஞ்சும்.

இனி பட்டியலிலிருந்து எதை அடிப்பது என்று பார்ப்போம். பாக்கோவைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். அழகான இடம்தான், ஆனால் படகில்தான் போயாக வேண்டும். கடல் வற்றும் நேரத்தில் படகு துறைவரை வராமல், தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியும் வரும். பாதைகள் முழுக்க வேரும் பாறையும் ஏற்றமும். அங்கே எல்லோரும் தேடிப் போகும் நீள்மூக்குக் குரங்கை கினபத்தாங்கானில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். கினபாலு மலைப் பூங்காவும் வேண்டாம். அது குளிர்ந்த மலைக்காடு. நீங்கள் தேடும் ஒராங்குட்டானும் யானையும் தாழ்நிலக் காட்டுக்காரர்கள்.

டானும் பள்ளத்தாக்கை அடிக்கச் சொல்வதற்குத்தான் மனம் வரவில்லை. 438 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கோடரி படாத காடு. முழங்கால் நன்றாக இருப்பவர் கேட்டிருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் லஹாட் டத்து ஊரிலிருந்து உள்ளே போக ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், பெரும்பாலும் மண்சாலை. கினபத்தாங்கானிலிருந்து லஹாட் டத்து வருவதற்கே இரண்டு மணி நேரம் போல ஆகிவிடும். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் உங்கள் 3 மணி நேர வரம்பு உடைகிறது; இடையில் ஊரில் தங்கினால் ஓர் இரவு வீணாகிறது. போய்ச் சேர்ந்தபிறகும் அங்கே பார்ப்பது பெரும்பாலும் நடந்துதான்: வழுக்கும் பாதை, ஏற்ற இறக்கம், அசையும் தொங்குபாலம்.

ஆகவே நாங்கள் சொல்வது இது: கோத்தா கினபாலுவில் 1 இரவு, செபிலோக்கில் 3, கினபத்தாங்கானில் 4, கடைசி இரவு மீண்டும் கோத்தா கினபாலு. மொத்தம் 9. கோத்தா கினபாலுவிலிருந்து சண்டாக்கானுக்குச் சாலை வழியே போனால் 6 மணி நேரம் ஆகும். விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. திட்டத்தில் 'தனி வண்டி' என்று எழுதியிருந்தால் இதை மாற்றச் சொல்லுங்கள். சண்டாக்கான் விமான நிலையத்திலிருந்து செபிலோக் அரை மணி நேரத்துக்குள். செபிலோக்கிலிருந்து கினபத்தாங்கான் கரையில் உள்ள சுக்காவ் கிராமம் சுமார் 2 மணி நேரம். பயணத்திலேயே நீளமான சாலைப் பகுதி அவ்வளவுதான்; திரும்பும்போதும் அதே வழி.

காட்டுக்குள் போவதை விட்டுவிட்டு ஏன் ஆற்றங்கரையில் 4 இரவு? காட்டுக்குள் நின்று மேலே பார்த்தால் 40 மீட்டர் உயரத்தில் இலைக்கூரை. குரங்கும் இருவாச்சியும் அங்கேதான் இருக்கும். கேட்கும், தெரியாது. கழுத்துதான் வலிக்கும். ஆறு அந்தக் காட்டைக் குறுக்கே வெட்டித் திறந்து வைத்திருக்கிறது. அடிமுதல் உச்சிவரை மரத்தின் முழுப் பக்கமும் உங்கள் முன்னால் சுவர்போல நிற்கும். நீள்மூக்குக் குரங்குக் கூட்டங்கள் மாலையானால் இரவு தங்க ஆற்றோர மரங்களுக்கு வந்துவிடும். நான்கரை, ஐந்து மணிக்குப் படகை நிறுத்திக் காத்திருந்தால், ஒரு கிளை தாழ்ந்து எழும், அடுத்தது எழும், பிறகு செம்பழுப்பு முதுகும் தொங்கும் மூக்குமாக ஆண் குரங்கு வந்து உட்காரும். படகின் எஞ்சினை அணைத்தால் அது தழையை மெல்லும் சத்தம்வரை கேட்கும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டே போங்கள். கினபத்தாங்கானில் விலங்குகள் இவ்வளவு எளிதாகத் தெரிவதற்குக் காரணம் காட்டின் செழிப்பு மட்டுமல்ல. இரு கரையிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் நெருக்கியதில் காடு ஆற்றோரத்தில் ஒடுங்கிய பட்டையாகிவிட்டது. யானையும் ஒராங்குட்டானும் அந்தப் பட்டைக்குள்தான் வாழ்ந்தாக வேண்டும். 2005-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம்கூடத் துண்டுதுண்டாகத்தான் இருக்கிறது. போகும் வழியில் மணிக்கணக்கில் பனை வரிசையைப் பார்க்கும்போது மனம் கனக்கும். அந்தக் கிராமத்துக்காரர்களை வழிகாட்டியாகவும் படகோட்டியாகவும் வைத்திருக்கும் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். மிஞ்சிய காடு நிற்பதில் அவர்களுக்கும் ஒரு வருமானம் இருக்க வேண்டும்.

செபிலோக்கின் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் 1964-இல் தொடங்கியது. உணவு வைக்கும் நேரம் காலை 10, மாலை 3. மேடைவரை மரப்பலகைப் பாதை இருப்பதால் உங்களால் முடியும். காட்டில் பழம் நிறைந்திருந்தால் ஒராங்குட்டான்கள் மேடைக்கு வராமலும் போகலாம். அவற்றுக்கு அது நல்ல செய்தி, உங்களுக்கு மூன்று நாள் கையில் இருக்கிறது. பக்கத்திலேயே சூரியக் கரடி மையம். அதன் அருகில் உள்ள மழைக்காட்டு அறிமுக மையத்தைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், நீங்கள் தவிர்க்காதீர்கள். அங்கே மர உச்சி உயரத்தில் இரும்பு நடைபாலம் இருக்கிறது, டானும் பாலம்போல ஆடாது. பொழுது சாயும்போது பெரிய சிவப்புப் பறக்கும் அணில் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரிந்து பறப்பதை அங்கிருந்து பார்க்கலாம். ஏற வேண்டிய படி எத்தனை, மாலையில் எதுவரை அனுமதி என்பதை முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

மறுவாழ்வு மையத்தில் பார்ப்பது மனிதர் வளர்த்துப் பழக்கியவை. உண்மையான காட்டு ஒராங்குட்டானைக் கினபத்தாங்கானில்தான் தேட வேண்டும். ஒவ்வொரு மாலையும் அது கிளைகளை ஒடித்துப் புதிதாகக் கூடு கட்டும். பச்சை இலைக்கூடு என்றால் புதியது, பழுப்பு என்றால் பழையது. கரையோர அத்தி மரத்தில் பழம் இருந்தால், அருகில் பச்சைக் கூடும் தெரிந்தால், படகோட்டியிடம் மறுநாள் விடியலில் அதே இடத்துக்கு வரச் சொல்லுங்கள். யானைகளுக்கு மட்டும் யாரும் உறுதி கொடுக்க முடியாது. அவை ஆற்றோரமாகப் பெரிய வட்டமாகச் சுற்றும். நீங்கள் இருக்கும் வளைவில் இல்லாமலும் போகலாம்.

அறையைப் பதிவு செய்யும்முன் தங்குமிடத்துக்கு எழுதிக் கேளுங்கள். படகுத்துறையில் படியா, மிதவையா? ஆற்று நீர் இறங்கும் மாதங்களில் படி செங்குத்தாகி, உங்கள் முழங்காலுக்கு அதுதான் நாளின் பெரிய சோதனையாகும். மிதவைத் துறையும் கைப்பிடியும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. படகு இருக்கைக்கு முதுகு சாய்மானம் உண்டா? சாய்மானம் இல்லாத பலகையில் இரண்டு மணி நேரம் என்பது 3 மணி நேர வண்டிப் பயணத்தைவிடக் கடினம். ஒரு படகில் எத்தனை பேர்? ஆறேழு பேருக்கு மேல் என்றால் மறுபக்கம் நிற்கும் விலங்கை நீங்கள் பார்ப்பதற்குள் அது போய்விடும். மெனாங்குல் போன்ற குறுகிய கிளையாற்றில் ஓசை குறைந்த மின்மோட்டார் பயன்படுத்துகிறார்களா? தரைத்தளத்தில், உணவுக்கூடத்துக்குப் பக்கத்தில் அறை கிடைக்குமா? பலகைப் பாதை மழையில் பாசி பிடித்து வழுக்கும். அங்கே விழுந்துதான் பலர் பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். இரண்டு ஊன்றுகோல், அடியில் ரப்பர் குமிழோடு, கொண்டுபோங்கள். மின்சாரம் 24 மணி நேரமா என்பதையும் கேளுங்கள்.

ஏ.சி. கேட்பதில் தப்பே இல்லை. விடியலில் எழுந்து மாலைப் படகும் இரவுப் படகும் போகிறவருக்கு மதியத் தூக்கம் தேவை. ஈரக்காற்றில் துணி இரண்டு நாளானாலும் காயாது, ஏ.சி. ஓடும் அறையில் ஓர் இரவில் காய்ந்துவிடும். ஒரு தொல்லை மட்டும் உண்டு. குளிர்ந்த அறையிலிருந்து பைனாகுலரையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் கண்ணாடி முழுக்க வெண்மூட்டம். துடைத்தாலும் திரும்பப் படியும். அது தானாக விலக அரை மணி நேரம்வரை ஆகலாம், அதற்குள் விடியல் போய்விடும். இரவில் அவற்றைக் காற்றுப் புகாத பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, ஏ.சி. எட்டாத குளியலறையில் வையுங்கள். பையைக் கிளம்பும்போதுதான் திறக்க வேண்டும்.

பைனாகுலர் 8x42 வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. 8 மடங்கைவிட 10 மடங்கு (10x) பெரிதாகக் காட்டும் என்பார்கள். படகில் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி, இலை நிழலிலும் அந்தி நேரத்திலும் போதிய வெளிச்சம் கொடுக்கும். டீட் கலந்த கொசு மருந்து தடவிய கையோடு பைனாகுலரைத் தொடாதீர்கள். அது பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

இரவுப் படகை நடைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கிளையில் பந்தாகச் சுருண்டு தூங்கும் மீன்கொத்தி, ஆந்தை, புனுகுப்பூனை, முதலையின் கண் மின்னல் எல்லாம் இருக்கையிலிருந்தே கிடைக்கும். விலங்கின் கண்ணில் விளக்கை வெகுநேரம் பிடிக்க வேண்டாம் என்று படகோட்டியிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் படகில் உங்களைத் தொடாது. காட்டுப் பாதையில் கால் வைக்கும் அன்று மட்டும் முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறையைப் பேன்ட்டுக்கு மேல் இழுத்துக் கட்டுங்கள். கடித்திருந்தால் உப்போ நெருப்போ வேண்டாம். அட்டையின் மெல்லிய முனையில் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். கடித்த இடத்தில் ரத்தம் சற்று நேரம் கசியும், ஏனென்றால் உறையாமல் தடுக்கும் பொருளை அது உள்ளே விட்டிருக்கிறது. ரத்தம் நீர்க்கும் மாத்திரை யாராவது சாப்பிட்டால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். நீங்கள் போகும் மலேசிய மாநிலமான சபாவில் குரங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் ஒருவகை மலேரியா இருக்கிறது. தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதையும் கிளம்ப 6 வாரம் முன்னால் அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். திரும்பியபின் காய்ச்சல் வந்தால் போர்னியோ போய் வந்ததைச் சொல்ல மறக்காதீர்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, மார்ச் முதல் அக்டோபர்வரை நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரிவரை கிழக்கு சபாவில் மழை அதிகம். டிசம்பர், ஜனவரியில் ஆறு கரை புரண்டு படகுத்துறையே மூழ்கும் நாள்களும் உண்டு.

முன்பதிவை ஆற்றங்கரை 4 இரவிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் தரைத்தள அறைகள் சிலவே இருக்கும். பிறகு செபிலோக், அதன்பின் உள்நாட்டு விமானம். சண்டாக்கானிலிருந்து திரும்பும் அன்றே சர்வதேச விமானம் ஏற வேண்டாம். மாலை இடிமழையில் உள்நாட்டு விமானம் தாமதமாவது அங்கே சாதாரணம். கடைசி இரவைக் கோத்தா கினபாலுவில் வைத்திருப்பது அதற்காகத்தான்.