எண்ணெயைக் குறைத்தால் மட்டும் போதுமா? குடல் பாக்டீரியா பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கொழுப்பு அதிகம் சாப்பிட்டால் குடலிலுள்ள நல்ல பாக்டீரியா குறைந்துவிடும் என்கிறார்கள். ஆனால் கொழுப்பு சிறுகுடலிலேயே செரித்துவிடுகிறதே, பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாவை அது எப்படிப் பாதிக்கும்?

பதில்: நியாயமான சந்தேகம். சாப்பிடும் கொழுப்பில் சுமார் 95 சதவிகிதம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதனால் கொழுப்பு நேரடியாகப் போய்ப் பெருங்குடல் பாக்டீரியாவைத் தாக்குவதில்லை. பாதிப்பெல்லாம் சுற்றுவழியில் வருகிறது.

முதல் வழி பித்தநீர். கொழுப்பு கூடக்கூடப் பித்த அமிலங்களின் வரத்தும் கூடும். அவற்றில் பெரும்பங்கு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பிவிடும். 5 சதவிகிதம் அளவுக்குப் பெருங்குடலில் இறங்கும். அங்கே சில பாக்டீரியாக்கள் அதை டீஆக்ஸிகோலிக் அமிலம் போன்றவையாக மாற்றுகின்றன. பித்த அமிலம் சோப்பு மாதிரி. பாக்டீரியாவின் மேல்படலத்தையே கரைக்க வல்லது. அதைத் தாங்கும் இனங்கள் பெருகும், தாங்காதவை ஒடுங்கும். 2014-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வொன்றில், தன்னார்வலர்கள் 5 நாள் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டுமே சாப்பிட்டார்கள். அந்தச் சில நாட்களிலேயே பைலோஃபிலா போன்ற பித்தம் தாங்கும் பாக்டீரியாக்கள் கூடின. தாவர மாவுப்பொருளை நொதிக்க வைக்கும் இனங்கள் குறைந்தன.

இரண்டாம் வழி, பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்குகள். கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாக்களின் வெளியுறையில் லிப்போபாலிசாக்கரைடு என்ற நச்சுப்பொருள் உண்டு. சிறுகுடலில் கொழுப்பைச் சுமந்துபோகும் கைலோமைக்ரான் துகள்களோடு ஒட்டிக்கொண்டு அதில் சிறிதளவு ரத்தத்துக்குள் நுழைகிறது. குடல் சுவரின் இணைப்புகள் தளர்ந்தால் இன்னும் கூடுதலாக நுழையும். காய்ச்சல் வரும் அளவல்ல அது. ஆனால் நோயெதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் சீண்டப்படுவதால் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காமல் போகின்றன. 2007-ல் பேட்ரிஸ் கானியும் சக ஆய்வாளர்களும் எலிகளுக்கு 4 வாரம் கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்தபோது இந்த நச்சின் அளவு ரத்தத்தில் 2 முதல் 3 மடங்கானது. வேறு சில எலிகளுக்குச் சாதாரணத் தீவனமே கொடுத்து, அதே அளவு நச்சை மட்டும் உடலில் செலுத்தினார்கள். அவற்றுக்கும் எடையும் சர்க்கரையும் ஏறின. வளர்சிதை மாற்றக் கோளாற்றுக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

மூன்றாவது வழியைத்தான் நாங்கள் மிகப் பெரியதாக நினைக்கிறோம். தட்டில் கொழுப்பு ஏறும்போது நார்ச்சத்து இறங்கிவிடுகிறது. பெருங்குடல் பாக்டீரியாவுக்கு நார்ச்சத்துதான் சாப்பாடு. அதை நொதிக்கவைத்து அவை சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட் பெருங்குடல் அணுக்களின் முதன்மை எரிபொருள். பசியை அடக்கி இன்சுலினைத் தூண்டும் ஜி.எல்.பி.-1 ஹார்மோன் சுரப்பதற்கும் இந்தச் சிறு அமிலங்கள் துணை செய்கின்றன. நார்ச்சத்து வராமல் போனால் சில பாக்டீரியாக்கள் குடல் சுவரின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கும். படலம் மெலிந்தால் மேலே சொன்ன நச்சு நுழைய வழி இன்னும் எளிதாகிவிடும்.

எலி ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல ஆய்வுகளில் 60 சதவிகிதம் கலோரி கொழுப்பிலிருந்து வரும் சுத்திகரித்த தீவனத்தை, நார்ச்சத்து நிறைந்த தானியத் தீவனத்தோடு ஒப்பிட்டார்கள். 2017-ல் வந்த ஓர் ஆய்வு, சுத்திகரித்த குறைகொழுப்புத் தீவனத்தையும் சேர்த்துப் பார்த்தது. பாக்டீரியா மாற்றத்தின் பெரும்பகுதி அந்தக் குறைகொழுப்புத் தீவனத்திலும் தெரிந்தது. எலிகள் குண்டானது மட்டும் கொழுப்புத் தீவனத்தில்தான். ஆகவே எல்லாப் பழியையும் கொழுப்பின் மேல் போடுவதும் தவறு, கொழுப்புக்குப் பங்கே இல்லை என்பதும் தவறு.

கேள்வி: வெண்ணெய், தாவர எண்ணெய், மீன் எண்ணெய் எல்லாமே ஒரு கிராமுக்கு 9 கலோரிதானே? குடலுக்கு என்ன வித்தியாசம்?

பதில்: கலோரியில் ஒன்றுதான், விளைவில் இல்லை. 2015-ல் ஒரு சோதனையில் எலிகளுக்கு 11 வாரம் பன்றிக் கொழுப்பும் மீன் எண்ணெயும் தனித்தனியே கொடுத்தார்கள். பன்றிக் கொழுப்பு தின்றவற்றின் கொழுப்புத் திசுவில் அழற்சி கூடியது. பால் கொழுப்புக்கு வேறொரு குணம்: அது டாரின் சேர்ந்த பித்த அமிலத்தைக் கூட்டுகிறது, அதிலுள்ள கந்தகம் பைலோஃபிலாவுக்கு உணவாகிறது.

மனிதர்களில் நல்ல சான்று ஸ்பெயினில் நடந்த 'ப்ரெடிமெட்' ஆய்வு. ஆலிவ் எண்ணெய் அல்லது கொட்டைகள் தாராளமாகச் சேர்த்த மத்தியதரைக்கடல் உணவு உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஒப்பீட்டுக் குழுவைவிடச் சுமார் 30 சதவிகிதம் குறைவு. அவர்கள் தட்டில் கொழுப்பு குறைவல்ல. பயறும் காய்கறியும் கொட்டையும் கூடவே இருந்தன. அதற்காக எண்ணெயைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019-ல் சீனாவில் 217 இளைஞர்களிடம் 6 மாதம் நடந்த சோதனையில், 40 சதவிகிதம் கலோரியைக் கொழுப்பிலிருந்து பெற்றவர்களுக்கு, பியூட்டிரேட் தரும் ஃபீகாலிபாக்டீரியம் குறைந்தது, ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் கூடின. அங்கே பயன்பட்டது சோயா எண்ணெய்.

கேள்வி: அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன அளவு: மொத்தக் கொழுப்பு கலோரியில் 30 சதவிகிதத்துக்குள், நிறைவுற்ற கொழுப்பு 10-க்குள், டிரான்ஸ் கொழுப்பு 1-க்குள். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 30 சதவிகிதம் என்பது 600 கலோரி. 9-ஆல் வகுத்தால் சுமார் 67 கிராம். நிறைவுற்றது 22 கிராம். இது ஊற்றும் எண்ணெய்க்கு மட்டுமான கணக்கல்ல. பால், இறைச்சி, கொட்டை, பிஸ்கட் எல்லாவற்றிலும் மறைந்திருப்பதும் சேரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மி.லி., ஏறக்குறைய 14 கிராம். கையளவு பார்த்து ஊற்றினால் கணக்கு நிச்சயம் தவறும், கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

கேள்வி: மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவில் எடை குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது. குடல் கெட்டுப்போகுமா?

பதில்: எடையும் சர்க்கரையும் இறங்கியது உண்மையான பலன், அதை மறுக்க வேண்டாம். ஆனால் கீட்டோவில் பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியா குறைவது மனிதர்களிடமும் காணப்பட்டிருக்கிறது. தொடர்வதாக இருந்தால் மாவுச்சத்து குறைந்த கீரை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ஆளிவிதை, பாதாம் ஆகியவற்றால் நார்ச்சத்தைக் காப்பாற்றுங்கள். வெண்ணெய்க்குப் பதில் கொட்டைகளும் ஆலிவ் எண்ணெயும் நல்லது. இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரும் ஆபத்து உண்டு. எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பு என்ற வகை சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் கீட்டோவில் இறங்கினால், ரத்தத்தில் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறும் கீட்டோ-அமிலநிலை வரலாம்; சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே அது வந்துவிடும் என்பதால் கவனிக்காமல் போய்விடுவார்கள். மருத்துவரைக் கேட்காமல் இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது.

கேள்வி: நார்ச்சத்தைக் கூட்டினேன். வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, மூன்றே நாளில் விட்டுவிட்டேன். என்ன தவறு?

பதில்: வேகம்தான் தவறு. நார்ச்சத்துக்கான இலக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். பலர் அதில் பாதிகூட எட்டுவதில்லை. ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால், இருக்கிற பாக்டீரியா எல்லாவற்றையும் அவசரமாக நொதிக்கவைத்து வாயுவாக்கிவிடும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள். உப்பசம் வந்தால் முந்தைய வார அளவுக்குத் திரும்பி, அடங்கிய பிறகு மறுபடி ஏறுங்கள்.

முழுப் பயறுகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். அரை கப் வெந்த பயறில் 7 கிராம், 50 கிராம் ஓட்ஸில் 5, தோலோடு ஓர் ஆப்பிளில் 4, 300 கிராம் காய்கறியில் 8, ஒரு கைப்பிடி பாதாமில் 3: ஏறக்குறைய கணக்கு முடிந்தது. தண்ணீரைக் கூட்ட மறந்தால் உப்பசம் போய் மலச்சிக்கல் வரும். இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுக்கவேண்டும். அது கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும், ஆனால் அதிகம் நொதிக்காது. பாக்டீரியாவுக்குப் பயறு தரும் உணவை அது தராது. குடல் சுருக்கம் உள்ளவர்கள், குடலில் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்டபிறகே தொடங்குங்கள்.

கேள்வி: மலப் பரிசோதனையில் ஃபர்மிக்யூட்ஸ், பாக்டீராய்டீட்ஸ் என்ற இரு பெரும் பாக்டீரியா தொகுதிகளின் விகிதம் அதிகம் என்று வந்திருக்கிறது. பயப்படவேண்டுமா?

பதில்: வேண்டாம். தொடக்க ஆய்வுகளில் பருமனுக்கு அடையாளமாகச் சொல்லப்பட்ட இந்த விகிதம், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நிற்கவில்லை.

கேள்வி: ப்ரோபயாடிக் மாத்திரை எடுத்தால் கொழுப்பு உணவின் கெடுதல் சரியாகுமா?

பதில்: ஆகாது. உணவு மாறாமல் மாத்திரை விழுங்குவது, தண்ணீர் ஊற்றாத நிலத்தில் விதைப்பதுபோல. ஆண்டிபயாடிக் முடிந்தபிறகு பொதுவான ப்ரோபயாடிக் எடுத்தவர்களுக்கு, சொந்த பாக்டீரியா திரும்பி வருவது தாமதப்பட்டதை 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. அக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியா பற்றி நிறையக் கேட்கிறீர்கள். 2019-ல் நடந்த சிறு சோதனையில் 32 பேர் 3 மாதம் முடித்தார்கள்; பாஸ்டர் முறையில் சூடாக்கிச் செயலிழக்கவைத்த அக்கர்மான்சியா எடுத்தவர்களுக்கு இன்சுலின் செயல்பாடு தேறியது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் மிகச் சிறிய எண்ணிக்கை.

கேள்வி: உணவை மாற்றினால் பலன் எப்போது தெரியும், எதை வைத்து அறிவது?

பதில்: பாக்டீரியா சில நாட்களில் நகரத் தொடங்கும், பழைய உணவுக்குப் போனால் அதே வேகத்தில் திரும்பவும் செய்யும். உங்கள் உடலின் கணக்கு மெதுவானது. தொடங்கும் முன்பு ஒருமுறை, 3 மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை (100 மி.கி.க்குள்), டிரைகிளிசரைடு (150-க்குள்), எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்ட்ரால் (ஆண் 40, பெண் 50-க்கு மேல்), எச்.பி.ஏ.1சி., ரத்த அழுத்தம் (130/85-க்குள்). 3 மாதம் என்பதற்குக் காரணம், எச்.பி.ஏ.1சி. காட்டுவது அந்தக் கால அளவின் ரத்தச் சர்க்கரைச் சராசரி. வயிற்றுச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், இரண்டு முறையும் அதே இடத்தில் அளவெடுங்கள்.