எந்த ரென்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓசாகாவில் இருக்கும் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மருமகன் ஜப்பானியர். பேரனுக்கு ‘ரென்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘இது என்ன, பாதியில் நின்றுபோன பெயர்?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இணையத்தில் ஓரிடத்தில் தாமரை என்றும் இன்னோரிடத்தில் காதல் என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் அம்மா: ‘எந்த எழுத்து?’ ஜப்பானியப் பெயரில் ஓசை வேறு, எழுத்து வேறு. ‘ரென்’ என்ற ஓசைக்குத் தனியாகப் பொருள் கிடையாது. ‘காஞ்சி’ எனப்படும் சீனவழி எழுத்துகளில் எதனால் எழுதுகிறார்களோ, அதுதான் பொருளைச் சொல்லும். தாமரைக்கு ஓர் எழுத்து, சிற்றலைக்கு ஒன்று, நேர்மைக்கு ஒன்று, உலோகத்தைக் காய்ச்சி உரமேற்றுவதற்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. எல்லாமே ‘ரென்’தான். இணையம் இவற்றையெல்லாம் ஒரே குடத்தில் போட்டுக் கலக்கியதால் வந்த குழப்பம் இது. ‘கோஜோ நோ த்சுகி’ பாடலுக்கு இசையமைத்த தாகி ரென்தாரோ (1879–1903) பெயரில் இருக்கும் ரென், நேர்மையைக் குறிக்கும் எழுத்து. அதற்கும் தாமரைக்கும் சம்பந்தமில்லை.

ஆனாலும் இன்று பிறக்கும் ஆண் குழந்தை என்றால் பெரும்பாலும் தாமரைதான். அந்த எழுத்தை மகள் அனுப்பினால் இப்படிச் சரிபாருங்கள்: உச்சியில் புல்லைக் குறிக்கும் மூன்று கோடுகள், அதன் கீழே வண்டியைக் குறிக்கும் வடிவம், இடப்பக்கமிருந்து அடிவரை வளைந்து வந்து அந்த வண்டியைத் தாங்குகிற பாதை. ஜப்பானிய வடிவில் மொத்தம் 13 கோடுகள். புல் ‘இது தாவரம்’ என்கிறது. வண்டியும் பாதையும் சேர்ந்து ‘ரென்’ என்ற ஓசையைத் தருகின்றன.

இந்த ஓசை சீனத்திலிருந்து போனது. ஜப்பானியரின் சொந்தச் சொல் ‘ஹசு’. அதன் பழைய வடிவம் ‘ஹசிசு’, அதாவது தேனீக் கூடு. இதழ் உதிர்ந்த தாமரைப் பொகுட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், குழி குழியாகக் கூடு மாதிரியேதான் இருக்கும். நம்மைப் போல இதழைப் பார்க்காமல் பொகுட்டைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எழுத்துக்கு இருக்கும் மதிப்போ இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போனது. சத்தர்ம புண்டரீக சூத்திரம் என்ற பௌத்த நூலைக் குமாரஜீவர் 406இல் சீனத்தில் பெயர்த்தார். நமக்கும் தெரிந்த புண்டரீகம், வெண்தாமரை, அங்கே இந்த எழுத்தாயிற்று. இங்கேயும் பலர் ஓதுகிற ‘நம் மியோஹோ ரெங்கே கியோ’வில் வரும் ‘ரெங்கே’ தாமரைப் பூ. இந்த மந்திரத்தைப் பரப்பிய நிசிரென் (1222–1282) என்ற துறவியின் பெயருக்குச் சூரியத் தாமரை என்று பொருள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பழைய தலைமுறை ஜப்பானியர் சிலருக்கு இந்த எழுத்து பூஜை மாடத்தையும் இறுதிச் சடங்கையும் நினைவூட்டும்; பிள்ளைக்கு வைக்கத் தயங்குவார்கள். பெயருக்கு அனுமதிக்கப்பட்ட எழுத்துகளின் பட்டியலில் இது சேர்ந்ததே 1990இல்தான். அதனால் ‘தாமரை ரென்’ தாத்தாக்களைத் தேடினால் கிடைப்பது அரிது. உறவினர்களிடம் ‘அரவிந்தன்’ என்று சொல்லிவிடுங்கள். வாய் அடைத்துப்போகும்.

கேள்வி: ஜப்பானில் ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் ‘ரென்’ என்கிறார்கள். ‘ஹருதோ’ என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி முதலிடம்?
– வாசகர், செந்தூல்

பதில்: இரண்டும் உண்மை. அதிகம் மேற்கோள் காட்டப்படும் பட்டியல் மெய்ஜி யசுதா என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைகளை வைத்து எடுப்பது. அரசாங்கக் கணக்கு அல்ல. அதில் எழுத்துக்கு ஒரு பட்டியல், ஓசைக்கு ஒரு பட்டியல். எழுத்துப் பட்டியலில் தாமரை 2018, 2019, 2021ஆம் ஆண்டுகளில் முதலிடம். ஓசைப் பட்டியலிலோ 2009 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து ‘ஹருதோ’தான்.

காரணம் எளிது. ஹருதோவை வெயில் – பறத்தல் என்று எழுதலாம், தெளிந்த வானம் – பறத்தல் என்று எழுதலாம், இன்னும் எத்தனையோ விதமாக எழுதலாம். ஓசையில் கூட்டம் சேர்கிறது, எழுத்தில் சிதறிப்போகிறது. ரென்னுக்குப் பெரும்பாலோர் ஒரே தாமரை எழுத்தை எடுப்பதால் அது எழுத்தில் முந்துகிறது. எந்தப் பட்டியல் என்று சொல்லாமல் ‘நம்பர் ஒன்’ என்று போடும் கட்டுரையை நம்பிப் பெயர் வைக்காதீர்கள்.

கேள்வி: மனைவி ஜப்பானியர். குழந்தை கோலாலம்பூரில் பிறக்கப் போகிறது. ‘ரென் அரவிந்தன்’ என்று வைக்க ஆசை. இரு நாட்டிலும் எப்படிப் பதிவது?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: (தாமரையும் தாமரையும். நல்ல ரசனை!) தேசியப் பதிவு இலாகாவில் 60 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். அடுத்து ஜப்பானியத் தூதரகம். கெடு, பிறந்த நாளையும் சேர்த்து மூன்று மாதம்: மார்ச் 10இல் பிறந்தால் ஜூன் 9. பிறப்பு அறிவிப்புப் பாரம், பிறப்புப் பத்திரத்தின் அசல், அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பை உங்கள் மனைவியே செய்யலாம், செய்தவர் பெயரை மட்டும் எழுத வேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் அந்தப் பாரத்தில் ஒரு சிறு கட்டம். ‘ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைக்கிறேன்’ என்ற பகுதியில் ஒப்பமிட வேண்டும். வெளிநாட்டில் பிறந்து, பிறப்பாலேயே வேறு குடியுரிமையும் பெறும் குழந்தைக்கு இது கட்டாயம். விட்டாலோ மூன்று மாதம் தாண்டினாலோ, பிறந்த நாளிலிருந்தே ஜப்பானியக் குடியுரிமை இல்லை என்றாகிவிடும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், பின்னால் எது என்பதையும் கணவன் மனைவி இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இனி பெயர். ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டில் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று, அவ்வளவுதான். நடுப்பெயர், ‘ஏ/எல்’ (இன்னார் மகன்), தந்தை பெயருக்கெல்லாம் இடமில்லை. குழந்தை தாயின் பதிவேட்டில் தாயின் குடும்பப் பெயரோடு ஏறும். ‘ரென் அரவிந்தன்’ வேண்டுமென்றால் இரண்டையும் இடைவெளி விடாமல் ஒரே சொந்தப் பெயராக, அரவிந்தனைக் கதகானா என்ற ஓசை எழுத்தில் எழுதிப் பதிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் பையன் ஒவ்வொரு தாளிலும் அதை முழுசாக எழுத வேண்டியிருக்கும். அங்கே ‘ரென்’ மட்டும், இங்கே ‘ரென் அரவிந்தன்’ என்பது எங்கள் யோசனை. முதல் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பின்னால் பாஸ்போர்ட் வேலை சுலபம்.

கண்ட எழுத்தையும் எடுக்க முடியாது. பொதுப் புழக்க எழுத்து 2,136, பெயருக்கென்று தனியாக 863. இவற்றோடு ஓசை எழுத்துகளான ஹிரகானா, கதகானா. தாமரை பெயருக்கான பட்டியலில் இருக்கிறது. 2025 மே 26 முதல் உச்சரிப்பையும் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள், அது பொதுவாக ஏற்கப்பட்ட உச்சரிப்பாக இருக்க வேண்டும். தாமரை எழுத்தைப் போட்டுவிட்டு ‘கமல்’ என்று படியுங்கள் என்றால் கேள்வி வரும்.

கேள்வி: பேரன் ரென்னின் பெயரைத் தங்கப் பதக்கத்தில் பொறிக்கத் தாமரை எழுத்தைக் காட்டினேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா ‘இது பொம்பளைப் பெயர் ஆச்சே’ என்கிறார். மாற்றச் சொல்லவா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: வேண்டாம். ஹொக்கியனில் அதே எழுத்து ‘லியென்’. பினாங்கில் பாட்டிமார் பெயர்களில் அடிக்கடி வரும். அவர் சொல்வது அவர் மொழிக்குச் சரி. நமக்கும் பங்கஜம், நளினி, பத்மா எல்லாம் பெண்கள்தானே? ஜப்பானில் இப்போது ஆண்பிள்ளைகளுக்கே அதிகம்.

பதக்கத்தில்தான் கவனம் வேண்டும். கடைக்காரர் சீன விசைப்பலகையில் தட்டினால் 10 கோடுகள் கொண்ட எளிமைப்படுத்திய வடிவம் வரும், நிலாப் பண்டிகை கேக் பெட்டியில் தாமரை விதை விழுதுக்கு அச்சடித்திருப்பார்களே, அது. ஜப்பானிய வடிவில் வண்டியின் உள்ளே கட்டம் போட்டிருக்கும். எளிய வடிவில் இருக்காது. மகன் வீட்டிலிருந்து எழுத்தைப் பெரிதாக அச்சிட்டு வாங்கி அதையே கடையில் கொடுங்கள். பொறித்த பிறகு தங்கத்தில் திருத்தம் கிடையாது.

கேள்வி: ‘ரென்’னா, ‘ரேன்’னா? நட்சத்திரம் பொருந்துமா?
– வாசகர், கிள்ளான்

பதில்: குறில். ரெ, ன் இரண்டுக்கும் சம அளவு நேரம் கொடுங்கள், ‘ன்’னை விழுங்கிவிடாதீர்கள். ஜப்பானிய ‘ர’ நாக்கு நுனி மேலண்ணத்தை ஒருமுறை தொட்டுவிடும் ஒலி, நம் இடையின ரகரம்தான். ஆங்கிலம் பேசுவது போல நாக்கைச் சுருட்டினால் கெட்டுப்போகும். சுவாதி நட்சத்திரத்துக்கு ரு, ரே, ரோ, தா. குறில் நெடில் பார்க்காதவர்களுக்கு இரண்டாம் பாதத்தில் பொருந்தும். ரகரம் தமிழில் மொழிமுதல் வராது என்று யாராவது ‘இரென்’ என்று எழுதச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.