டைப் 1 சர்க்கரை நோய் உள்ள மகளைத் தோழிகளோடு ஏற்காட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இது: மகளுக்கு 19 வயது. டைப் 1 சர்க்கரை நோய், நான்கு வருடமாக இன்சுலின் போடுகிறாள். கோடை விடுமுறையில் கல்லூரித் தோழிகளோடு மூன்று நாள் ஏற்காடு போக வேண்டும் என்கிறாள். தோழிகளுக்கு விஷயம் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று வீட்டில் நினைக்கிறோம். அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புங்கள். ஏன் என்று சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார் என்று நினைக்கிறேன். உங்கள் மகள் செய்யப் போவதை நான் செய்து பார்த்துவிட்டேன்.

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் வந்தது. ஒரே தாகம், ஓயாமல் பாத்ரூம், இரண்டு மாதத்தில் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ராசிபுரத்தில் எங்கள் தெருவே கண்ணேறு என்று முடிவு கட்டியது. மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அதற்கப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது, மிட்டாய் தின்றதால் வந்ததில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மாவுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "யாருகிட்டயும் சொல்லிக்காத கண்ணு. நாளைக்கு உனக்கு ஒரு எடம் பாக்கணும்ல."

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பெண் பிள்ளை, ஊசி, ஊர் வாய். அவர் பயம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு சேலத்தில் ஹாஸ்டலுக்கு வந்தவள் நான்தான். முதல் வருடம் முழுக்க பாத்ரூமில் ஊசி போட்டேன். இன்சுலின் பேனாவை, அதாவது பேனா மாதிரி இருக்கும் ஊசியை, பென்சில் டப்பாவில் வைத்திருந்தேன். கேட்டால் "அல்சர், டைம்க்கு சாப்பிடணும்" என்பேன். பொய் என்னவோ நன்றாகத்தான் ஓடியது.

அந்த மே மாதம் நான்கு பேர் ஏற்காடு கிளம்பினோம். ஓமலூர்க்காரி, ஆத்தூர்க்காரி, அம்மாபேட்டைக்காரி, நான். (பெயர் போட்டால் மூன்று பேரும் சண்டைக்கு வருவார்கள்.) காலை ஏழரைக்கு நான்கு இட்லி, அதற்கு முன்னால் வழக்கமான ஊசி. எட்டு மணி பஸ். ஹஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் காற்று மாறியது. அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. மொத்தம் 20. பன்னிரண்டாவதா பதின்மூன்றாவதா, அந்தப் பக்கம் நான்கு இட்லியும் ஜன்னல் வழியாகப் போய்விட்டன.

இங்கேதான் விஷயம். சாதாரண ஆளுக்கு வாந்தி என்றால் வாந்தி, அவ்வளவுதான். எனக்கு இட்லி வெளியே போய்விட்டது, அந்த இட்லிக்காகப் போட்ட இன்சுலின் உள்ளேயே இருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்குப் போடும் வேக இன்சுலின் கால் மணியில் வேலையைத் தொடங்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அதற்குத் தீனி வயிற்றில் இல்லை. சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் மூன்று வளைவு வரை வாயைத் திறக்கவில்லை. பையில் இருந்த குளுக்கோஸை எடுத்தால் ஏன் என்று கேட்பார்களே!

ஆத்தூர்க்காரிதான் கவனித்தாள். "எல்லாருக்கும் குளுருது. உனக்கு மட்டும் ஏன்டி இப்படி வேர்க்குது?"

அப்போது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, பேச்சு குழறியது. அம்மாபேட்டைக்காரி, வாந்திக்கு நல்லது என்று ஒரு ஆரஞ்சு மிட்டாயை என் கையில் கொடுத்தாள். கடவுளே வந்து கொடுத்த மாதிரி இருந்தது. வாயில் போடப் போகும்போதுதான் எனக்கு உண்மை பேசும் புத்தி வந்தது. "எனக்கு சுகர் இருக்கு," என்றேன். அடுத்த நொடி ஓமலூர்க்காரி மிட்டாயைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டாள். "சுகரை வெச்சுக்கிட்டு மிட்டாய் திங்கிறியாடி?"

அவள் மீது தப்பே இல்லை. அவளுடைய அப்பாயிக்குச் சர்க்கரை நோய். அவள் வீட்டில் சர்க்கரை நோய் என்றால் இனிப்பைப் பிடுங்குவதுதான் பாசம். ஒன்றுமே தெரியாதவள் மிட்டாய் கொடுத்தாள், பாதி தெரிந்தவள் பிடுங்கினாள். அந்தப் பாதியைச் சொன்னது நான். உங்கள் மகளின் தோழிகளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்கிறீர்களே, அவசர நேரத்தில் எப்படியும் பாதி வெளியே வந்துவிடும்.

முன் சீட்டில் ஒரு அக்கா, மடியில் குழந்தை. எங்கள் கூச்சலைக் கேட்டுத் திரும்பியவர், குழந்தைக்கு வைத்திருந்த மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை ஸ்ட்ராவோடு என் வாயில் வைத்தார். "எங்க அக்கா பையனும் ஊசி போடறவன்தான். கொறைஞ்சா இனிப்பு குடுக்கணும் பாப்பா," என்று இவர்களிடம் சொன்னார். பாதி குடித்த பிறகு சோதித்துப் பார்த்தேன், 58. எழுபதுக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. அந்த அக்கா யார் என்று இன்றுவரை தெரியாது. ஏரிப் பக்கம் இறங்கிக் கூட்டத்தில் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அறையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. ஒரு வருடம் ஏமாற்றினாயா என்று ஆத்தூர்க்காரிக்குக் கோபம், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மிளகாய் பஜ்ஜி வந்ததும் பேசினாள். நான் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிக் காட்டினேன்: இரண்டு பேனா, ஊசி முனைகள், மீட்டர், ஸ்ட்ரிப். ஆளுக்கொரு புது ஊசி மாற்றி நான்கு பேரும் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டோம். பஜ்ஜிக்குப் பிறகு அம்மாபேட்டைக்காரிக்கு 131 வந்ததும் அவள் அழுகிற நிலைக்குப் போய்விட்டாள். சாப்பிட்ட உடனே அவ்வளவு இருப்பது சாதாரணம் என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. இவ்வளவு நாள் பாத்ரூமில் ஒளித்து வைத்திருந்தது ஒரு சாயங்காலப் பொழுதுபோக்காகிவிட்டது.

அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது மிகக் குறைவு. வேர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் இனிப்பு கொடு. என்ன அளவு இருக்கிறது என்று தேடாதே, முதலில் கொடு. குளுக்கோஸ் பொடியோ ஜூஸோ, சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன். பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடி. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். கடலை மிட்டாயும் அப்படித்தான். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, புரையேறிவிடும், 108-ஐக் கூப்பிடு. ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, கீழே சேலத்தில் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவ்வளவுதான். கணையம், பீட்டா செல் கதையெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் கிளியூர் அருவிக்கு இறங்கினோம். மே மாதத்தில் நூல் மாதிரிதான் தண்ணீர். அருவி பார்க்க வேண்டும் என்றால் மழைக்கு அப்புறம் போங்கள். ஆனால் திரும்ப ஏறும் ஏற்றம் இருக்கிறதே, அது எந்த மாதத்திலும் குறையாது. ஏறும்போதே ஒரு வாழைப்பழம் உள்ளே போனது. நிறைய நடந்த நாளில் ராத்திரியும் சர்க்கரை இறங்கும். நடந்து பல மணி நேரம் கழித்துக்கூட தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு மணிக்கு அலாரம் வைத்தேன். 76. நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தத்துக்கு மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். கவலைப்பட்டு இல்லை, பிஸ்கட்டுக்கு.

கடைசி நாள் சேர்வராயன் கோயில். 1,623 மீட்டர் உயரம், குகை மாதிரி இருக்கும், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வெளியே வந்து உட்கார்ந்தபோது துப்பட்டாவால் மூடாமல், வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு புளிசாதம் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "இந்த வயசுலயே சுகரா? பாவக்கா ஜூஸ் குடி சாமி," என்றார். ஓமலூர்க்காரி அவருக்கு வகுப்பு எடுக்கப் போய்விட்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் சுகமான கதை. முடியவில்லை. தெரிந்துகொண்ட பிறகு ஓமலூர்க்காரி போலீஸ் ஆகிவிட்டாள். மெஸ்ஸில் என் தட்டை எண்ணினாள். தட்டுவடை செட் (தட்டைகளுக்கு நடுவில் காய்த் துருவலும் சட்னியும் வைத்தது) கடையில் நான் இரண்டாவது செட் கேட்டபோது கடைக்கார அண்ணனிடமே, "இவளுக்குக் குடுக்காதீங்கண்ணா, சுகரு," என்றாள். சேலத்தில் ஒருத்திக்குத் தட்டுவடை செட் மறுக்கப்படுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இன்சுலின் கணக்குப் போட்டுத்தான் கேட்டேன் என்று கத்தினேன். மூன்று வாரம் பேசவில்லை. நான்காவது வாரம் அவளே வந்து, "எதை நான் கேக்கலாம், எதை கேக்கக் கூடாதுன்னு சொல்லிடு," என்றாள். சாப்பாட்டைக் கேட்காதே, மயக்கம் வருகிறதா என்று மட்டும் கேள் என்றேன். ஒப்பந்தம் பெரும்பாலும் மீறப்படுகிறது. பரவாயில்லை.

அடுத்த கோடையில் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஓமலூரில் அவள் வீட்டிலிருந்து மேச்சேரி வழியாக மேட்டூருக்கு ஸ்கூட்டரில் போனோம். வேக இன்சுலின் பேனாவைச் சீட்டுக்கு அடியில் பெட்டியில் போட்டுவிட்டேன். மே மாத வெயில், இன்ஜின் சூடு, அணைப் பூங்காவில் மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்திய வண்டி. மீன் வறுவலும் சோறும் சாப்பிட்டு ஊசி போட்டேன். சாயங்காலம் 340. மறுபடி போட்டேன், இறங்கவில்லை. பார்வைக்கு மருந்து பளிச்சென்றுதான் இருந்தது, நிறம் மாறவில்லை. வெந்துபோன இன்சுலின் தன்னைக் காட்டிக்கொடுக்காது. ராத்திரி புதுக் குப்பியை மாற்றிய பிறகுதான் இறங்கியது.

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், ஆனால் உறையக் கூடாது, ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பயன்படுத்திக்கொண்டிருப்பது அதிக வெயில் படாமல் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மகளுடையதற்கு எவ்வளவு என்று அட்டையிலேயே போட்டிருக்கும். ஊரில் எங்கள் அப்பாயி பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு எனக்காக ஒரு ஃப்ரிட்ஜ் செய்து வைத்திருக்கிறார். நம் பக்கத்து வறண்ட வெயிலில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஏற்காட்டுக் குளிரில் அந்தக் கவலை குறைவு. ஆனால் போகிற வழி சேலம் வெயில்தானே, பேனா கைப்பையில்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் இரண்டு செட், இரண்டு பேர் பையில்.

வளைவுகளுக்கு: என் டாக்டர் எனக்குச் சொன்னது, மலைக்கு முன் பாதி வயிறு சாப்பாடு, அரை மணி முன்னால் வாந்தி மாத்திரை, சாப்பிட்டது வயிற்றில் நின்ற பிறகே வேக இன்சுலின் போடுவது. உங்கள் மகளுக்கு அவளுடைய டாக்டர் வேறு சொல்லலாம், கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, சாப்பிட முடியவில்லை என்று நீண்ட நேர இன்சுலினை (சாப்பாட்டுக்குப் போடுவது இல்லை, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்னொன்று) தானாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை ஏறியபடி இருக்கும்போது வாந்தி நிற்கவில்லை என்றால் அறையில் படுத்துப் பார்க்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

இந்த மே மாதமும் போகிறோம், கோடை விழாக் கூட்டத்துக்கு முன்னாலேயே. அம்மா இப்போது என்னைவிட ஓமலூர்க்காரிக்குத்தான் அதிகம் போன் செய்கிறார். "ஆரஞ்சு மிட்டாய் வாங்கிட்டியா கண்ணு" என்று அவளிடம் கேட்பது எனக்கே கேட்கிறது. மாப்பிள்ளை வீட்டில் எப்போது சொல்வது, யார் சொல்வது என்பதில் மட்டும் அம்மா இன்னும் முடிவுக்கு வரவில்லை. போன வாரம் அதையும் அவளிடமே கேட்டிருக்கிறார்.