வீடு ஒரு மாநிலத்தில், வாசம் வேறு மாநிலத்தில்: வாசகர்களின் வரிக் கேள்விகள்

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் சான் ஹோசேயிலிருந்து டல்லாஸுக்குக் குடிபெயர்ந்தோம். பழைய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். செலவும் தேய்மானமும் போக ஆண்டுக்கு 12,000 டாலர்தான் நிற்கிறது. ஆனால் கலிஃபோர்னியாவின் படிவத்தில் எங்கள் டெக்சஸ் சம்பளத்தையும் எழுதச் சொல்கிறார்கள். டெக்சஸில் மாநில வருமான வரியே கிடையாது. அந்தச் சம்பளத்துக்குக் கலிஃபோர்னியா எப்படி வரி கேட்கலாம்?
– ஒரு வாசகர், டல்லாஸ்

பதில்: உங்கள் சம்பளத்துக்குக் கலிஃபோர்னியா வரி கேட்கவில்லை, வாடகைக்கு எத்தனை சதவீதம் போடுவது என்று முடிவு செய்வதற்காகவே சம்பளத்தைக் கேட்கிறது. இந்த வேறுபாடு புரியாமல் சம்பளத்தை மறைத்து எழுதி, பிறகு அபராதத்தோடு திருத்திக் கொடுக்கும் நிலைக்குப் பலர் வந்துவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மாநிலத்தில் வசிக்காதவர் கொடுக்க வேண்டிய படிவம் 540என்ஆர். அதன் இணைப்பான அட்டவணையில் 'டி' என்ற பத்தியில், நீங்கள் ஆண்டு முழுவதும் கலிஃபோர்னியாவிலேயே வசித்திருந்தால் கணக்கில் வந்திருக்கக்கூடிய வருமானம் அனைத்தும், 'இ' என்ற பத்தியில் உண்மையிலேயே கலிஃபோர்னியாவில் விளைந்த வருமானம் மட்டும் இடம்பெறும். சம்பளமும் வாடகையும் சேர்ந்து 2,00,000 டாலர் என்றும், அதற்கு அம்மாநில விகிதப்படி வரும் வரி 10,000 டாலர் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் சராசரி விகிதம் 5 சதவீதம். அந்த 5 சதவீதத்தை உங்கள் 12,000 டாலர் வாடகை வருமானத்தின் மீது மட்டும் போட்டால் 600 டாலர் வருகிறது. (கழிவுகளும் இதே விகிதத்தில் பிரிக்கப்படுவதால் உண்மையான தொகை இதைவிடச் சற்றுக் குறையும்.) வாடகையை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டிருந்தால் தம்பதியராகிய உங்களுக்கு வரி ஏறக்குறைய வந்தேயிருக்காது, உங்கள் மனத்தாங்கலின் காரணம் அதுதான், அது எனக்குப் புரிகிறது. ஆயினும் நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன. நியூயார்க்கின் கணக்கு முறையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 1992இல் அம்மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் அந்த முறை செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

வாடகை ஒரு பராமரிப்பு நிறுவனத்தின் வழியாக வருகிறதா என்று பாருங்கள். வெளிமாநிலத்தில் வசிக்கும் உரிமையாளருக்கு ஆண்டில் 1,500 டாலருக்கு மேல் வாடகை போனால், அந்நிறுவனம் மொத்த வாடகையில் 7 சதவீதத்தைப் பிடித்து மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். மாத வாடகை 3,500 டாலர் என்றால் ஆண்டுக்கு 42,000, பிடித்தம் 2,940. மேலே சொன்ன கணக்குப்படி உங்கள் வரியோ 600தான். மீதி 2,340 டாலரைத் திரும்பப் பெற 540என்ஆர் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிடித்ததற்கான சான்று 592-பி என்ற தாள். அது வராவிட்டால் ஜனவரி இறுதியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். தேய்மானம் கழித்தபின் வாடகையில் நட்டம் என்றாலும் கணக்குக் கொடுப்பதே நல்லது. கொடுக்க வேண்டுமா என்பது நிகரத் தொகையை மட்டும் பார்த்து முடிவாவதில்லை. நட்டத்தைப் பின்னாளில் ஈடுசெய்வதற்கும் இன்றைய கணக்கு வேண்டும்.

கேள்வி: நான் சியாட்டிலில் வசிக்கிறேன். கலிஃபோர்னியா நிறுவனங்களின் பங்குகளிலிருந்து ஈவுத்தொகை வருகிறது. இதற்கும் அங்கே கணக்குக் கொடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, சியாட்டில்

பதில்: வேண்டாம். நிலமும் கட்டடமும் இருக்கும் இடத்தில் வேர்விட்டவை. பங்கும் வங்கி வைப்பும் உரிமையாளரோடு கூடவே வருபவை. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே, தரகர் எங்கே, வங்கிக் கிளை எங்கே என்பதெல்லாம் பொருட்டல்ல. தொழிலுக்கான முதலாகவே அந்தப் பங்குகள் அம்மாநிலத்தில் பயன்படுத்தப்பட்டால்தான் நிலைமை மாறும்.

ஆனால் முன்பு கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தபோது நிறுவனம் சம்பளத்தின் பகுதியாக ஒதுக்கிய, சில காலம் கழித்தே கைக்கு வரும் ஆர்எஸ்யு பங்குகள் இப்போது கைக்கு வருகின்றன என்றால், அது முதலீட்டு வருமானம் அல்ல, சம்பளம். ஒதுக்கிய நாள்முதல் கைக்கு வந்த நாள்வரை எத்தனை வேலை நாட்கள் கலிஃபோர்னியாவில் கழிந்தனவோ அந்த விகிதத்துக்கு அங்கே வரி உண்டு.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். நண்பர்களோடு சேர்ந்து ஜார்ஜியாவிலும் டெக்சஸிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளை வாங்கிய கூட்டு முதலீடுகளில் பணம் போட்டோம். இலாப நட்டத்தில் எங்கள் பங்கைக் காட்டும் கே-1 தாள்கள் இரண்டு வந்திருக்கின்றன. எங்கெங்கே வரி?
– ஒரு வாசகர், எடிசன்

பதில்: கூட்டு நிறுவனத்தின் வழியாக வந்தாலும் வாடகை வாடகைதான். ஜார்ஜியாக் கட்டடத்தின் இலாபத்தில் உங்கள் பங்குக்கு ஜார்ஜியா வரி கேட்கும். முதலீட்டாளர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து நிறுவனமே அங்கே கூட்டுக் கணக்குக் கொடுத்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். கொடுத்திருந்தால் நீங்கள் தனியே கொடுக்க வேண்டியிருக்காது. டெக்சஸில் தனிநபர் வருமான வரி இல்லை. ஆனால் நியூ ஜெர்சி தன் குடியிருப்பாளரின் வருமானம் எங்கிருந்து வந்தாலும் வரி போடும் என்பதால் இரண்டு கே-1களும் உங்கள் வீட்டு மாநிலக் கணக்கில் ஏற வேண்டும். ஜார்ஜியாவில் கட்டியதற்கு என்ஜே-சிஓஜே என்ற இணைப்பின் வழியாக ஈடு கிடைக்கும். அதே வருமானத்துக்கு நியூ ஜெர்சி போடும் வரி எவ்வளவோ, ஈடு அதற்குமேல் போகாது.

பென்சில்வேனியாவோடு நியூ ஜெர்சிக்கு வரி உடன்பாடு இருக்கிறதே என்று சிலர் எண்ணுவது உண்டு. அது சம்பளத்துக்கு மட்டுமே உரியது; பிலடெல்பியாவில் வாங்கிய வீட்டின் வாடகைக்கு அது உதவாது. என் கருத்தில், பணம் போடுவதற்கு முன்பே கட்டடங்கள் எத்தனை மாநிலங்களில் இருக்கின்றன என்று கேட்டுவிட வேண்டும். சில நூறு டாலர் இலாபத்துக்காக ஐந்து மாநிலங்களில் கணக்குக் கொடுப்பவரின் இலாபம் கணக்கரின் கட்டணத்திலேயே கரைந்துபோகும்.

கேள்வி: ஐயா, கலிஃபோர்னியாவில் பணியாற்றி ஓய்வு பெற்று, கோயம்புத்தூருக்கே நிலையாகத் திரும்பிவிட்டேன். என் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்துக்கும், அங்கே வாடகைக்கு விட்டிருந்து இப்போது 9,00,000 டாலருக்கு விற்கவிருக்கும் வீட்டுக்கும் அம்மாநில வரி உண்டா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 401கே பணத்துக்கு இல்லை. வேறிடத்தில் வசிப்பவரின் ஓய்வுக்கால வருமானத்துக்கு எந்த மாநிலமும் வரி போடக் கூடாது என்று 1996 ஜனவரியில் கூட்டாட்சிச் சட்டமே வந்துவிட்டது. நிலையான இருப்பிடத்தையும் அங்கிருந்து மாற்றிக்கொண்டுவிட்டீர்கள் என்பதற்கான சான்றுகளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

வீட்டுக்கு வரி உண்டு. இந்தியாவோடு அமெரிக்கா செய்துகொண்ட இரட்டை வரி ஒப்பந்தம் கலிஃபோர்னியாவைக் கட்டுப்படுத்தாது. விற்பனை முடியும் நாளில், இருதரப்புக்கும் இடையில் நின்று பணத்தைக் கையாளும் எஸ்க்ரோ அலுவலகம் விலையில் மூன்றேகால் சதவீதத்துக்குச் சற்று அதிகமாக, அதாவது 3.33 சதவீதத்தைப் பிடிக்கும். உங்களுக்கு அது 29,970 டாலர். இது முன்பணமே தவிர முடிவான வரி அல்ல. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் வேறுபாடு குறைவாக இருந்தால், 593 என்ற படிவத்தில் இலாபத்தின் மீது கணக்கிடும் மாற்று வழியைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் படிவம் விற்பனை முடிவதற்குள் எஸ்க்ரோவின் கையில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டு 540என்ஆர் கொடுக்கும் வரை அந்தப் பணம் அரசிடமே இருக்கும்.