பபூன் எப்போது வருவான்?

அன்புள்ள ஐயா,

போன சனிக்கிழமை பெங்களூரு இந்திராநகரில் ஓர் இம்ப்ரோவ் காமெடிக்குப் போனேன். எழுதிவைத்த வசனம் இல்லாமல் மேடையிலேயே உருவாக்கி நடிப்பது அது. டிக்கெட் 499 ரூபாய். பார்வையாளர்களிடம் ஒரு சொல் கேட்டார்கள். யாரோ, டிராஃபிக்குக்குப் பேர்போன சந்திப்பான ‘சில்க் போர்டு’ பெயரைச் சொல்லிக் கத்தினார். ஒருவர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ் டிரைவராக உட்கார்ந்ததும், அடுத்தவர் “இது ஆம்புலன்ஸ் இல்லை, ஐஸ்கிரீம் வண்டி” என்றார். ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் இப்படியே இழுத்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா வேறு, “இதுல பபூன் எப்ப வருவான்?” என்று சத்தமாகக் கேட்டு மானத்தை வாங்கிவிட்டார். ஒத்திகையே இல்லாமல் மேடையேறுவதைக் கலை என்று சொல்ல முடியுமா?

க., அல்சூர்

அன்புள்ள க.,

499 ரூபாயை விடுங்கள், நாடகம் பார்க்கிறவர்களுக்கு அது சகஜம். உங்கள் அப்பாவின் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அந்த அரங்கில் எழுந்த ஒரே நல்ல கேள்வி அது. அதற்குப் போய் வெட்கப்பட்டிருக்கிறீர்களே!

அவருக்கு மதுரை, புதுக்கோட்டைப் பக்கமாகத்தான் இருக்கும். அங்கே ஊர்த் திருவிழாக்களில் போடும் ஸ்பெஷல் நாடகத்துக்குக் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி, சிரிக்க வைக்கும் பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. வள்ளி திருமணத்தை எழுதியது சங்கரதாஸ் சுவாமிகள்தான். ஆனால் பபூனின் பேச்சும், வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கமும் பெரும்பாலும் அன்றன்று மேடையில் பிறப்பவை.

சின்ன வயதில் பங்குனித் திருவிழாவில் பார்த்தது. தர்க்கத்தின் நடுவே வள்ளிக்கு ஒரு சொல் வரவில்லை. ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் சுருதியை இழுத்துப் பிடித்தார். கண் அந்தம்மாவின் உதட்டிலேயே இருந்தது. நாரதர் சப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டே அதே கேள்வியைச் சுற்றி வளைத்து மறுபடி கேட்டார். வராத சொல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. அந்தம்மா டக்கென்று அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். ஊரே வள்ளிக்குக் கை தட்டியது. நடந்தது என்னவென்று பெரியப்பா என் காதில் சொன்னார்.

இம்ப்ரோவ் கேட்பதும் இதைத்தான். சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்ற நாடகப் பயிற்சியாளர் குழந்தைகளோடு வேலை செய்தபோது உருவாக்கிய விளையாட்டுகளிலிருந்து வளர்ந்தது அது. 1959-ல் அங்கே செகண்ட் சிட்டி என்ற இம்ப்ரோவ் குழுவைத் தொடங்கியவர்களில் அவர் மகனும் ஒருவர். இம்ப்ரோவின் பாலபாடமே “ஆமாம், அப்புறம்?” என்பதுதான். கூட நிற்பவர் சொன்னதை ஏற்றுக்கொள், மேலே ஒன்று சேர். ஆம்புலன்ஸ் என்றால் ஆம்புலன்ஸ்தான். பின்னால் படுத்திருப்பது யார், சைரன் ஏன் வாயடைத்துப் போனது என்று அதில் எவ்வளவோ இருக்கிறது! ஐஸ்கிரீம் வண்டி என்றவருக்கு ஒரு சிரிப்பு கிடைத்தது. பாவம், மற்றவர் கையிலிருந்த ஸ்டீயரிங் போய்விட்டது. பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் காதில் வாங்காமல் ஆடினால் பத்து நாள் ஒத்திகை பார்த்திருந்தாலும் இதே கதிதான். அதைக் கவனிக்காமல் கலையையே சந்தேகப்படுகிறீர்கள்.

அப்பா இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை என்றால், இன்று ராத்திரி போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பார்த்த பபூன்களைப் பற்றிக் கேளுங்கள். சொல்லி முடித்ததும், “ஆமாம், அப்புறம்?” என்று கேளுங்கள்.