வரப்புச் சண்டையும் ஆபீஸ் சண்டையும்

கேள்வி: அண்ணே, ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல கருக்கலைப்பு பத்தி பேச்சு வந்துச்சு. ஒருத்தர் பாவம்னு ஒரே பிடியா நின்னார், கூட வேலை பாக்குற பொண்ணு "சரி தப்புன்னு ஒண்ணுமே கிடையாது, அவங்கவங்க ஊரு அவங்கவங்க மனசு"ன்னு முடிச்சிருச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கயோ இடிக்குதே?

– பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: இடிக்கிற இடம் உங்க ஊருக்குப் பக்கந்தான் தம்பி, உசிலம்பட்டி. 1980கள்ல அங்கிட்டு பொம்பளப் புள்ள பொறந்தா கள்ளிப்பால் குடுக்குறாங்கன்னு நாடே பேசுச்சு (பேரு மாட்டுனது அந்த ஊருதான், ஆனா சேலம் பக்கமும் நடந்துச்சு, 1992ல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சதே அங்கதான்). ஊரு வழக்கந்தான் நியாயம்னா, கொல்ல வேணாம்னு புள்ளையத் தூக்கிட்டு ஓடுன ஆத்தாதான் தப்பு பண்ணவ ஆயிருவா, ஒத்துக்குவீங்களா?

அதுக்காக கள்ளிப்பாலும் கருக்கலைப்பும் ஒண்ணுன்னு நான் சொல்லல, பொறந்த புள்ள வேற எட்டு வாரக் கரு வேற. அதுலயும் சண்டை இருக்கு, இருக்கட்டும், பங்காளிக ரெண்டு பேரு வரப்புக்கு அடிச்சுக்கிட்டா வரப்பே இல்லன்னா ஆயிரும்?

கருக்கலைப்புச் சட்டத்த எடுத்துக்கங்க. 1971ல வந்தது, 2021ல திருத்துனாங்க, 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் கருத்து போதும், சில வகைப் பொண்ணுகளுக்கு 24 வாரம் வரை, அதுக்கு ரெண்டு டாக்டர். கல்யாணம் ஆகாதவங்களுக்கும் அந்த உரிமை உண்டுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 18 வயசு முடிஞ்சவளுக்கு அவ சம்மதம் போதும், புருஷன் கையெழுத்து தேவையே இல்ல, ஆனாலும் ஆஸ்பத்திரில "வீட்டுக்காரர் வரலையாம்மா"ன்னுதான் முதல்ல கேக்குறாங்க.

முடிவு அவளோடதுதான்னு நானும் சொல்வேன். வயித்துல சுமக்குறது அவ, உசுரப் பணயம் வைக்கிறதும் அவ, அதுதான் காரணம். அந்தப் பொண்ணு சொல்ல வந்ததும் "நீ தலையிடாத"ங்கறதுதான்னு நெனைக்கிறேன், ஆனா அதுவே ஒரு நியாயந்தானப்பா, எல்லா ஊருக்கும் சேத்துத்தான அது சொல்லுது!

நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்க, ஸ்கேன்ல பொம்பளப் புள்ளன்னு தெரிஞ்சு கலைக்கிறதும் அவங்கவங்க மனசுதானான்னு. கருவுல ஆணா பொண்ணான்னு பாக்குறதுக்கே 1994ல தடைச் சட்டம் வந்தாச்சு, இருந்தும் எனக்கு அங்கதான் தடுமாற்றம், மாமியா பேச்சுக்குப் பயந்து ஒருத்தி எடுக்குற முடிவு யாரோட முடிவு?