யார் எதிரி என்று சொல்லாமலே கப்பல் ஏற்றினார்கள்: என் மாமா போய்வந்த போர்

கேள்வி இதுதான்: படைபலம் எல்லாம் இருந்தும், அரசியல் தலைமையின் திறமையின்மையாலும் சரியான உத்தி இல்லாததாலும் ஒரு நாடு நவீன காலத்தில் போரைக் கெடுத்துக்கொண்டதற்கு நல்ல உதாரணம் எது?

இப்படிக் கேட்டால் பலருக்கும் ஈராக்கும் உக்ரைனும்தான் உடனே நினைவுக்கு வரும். நான் சேலம் மாவட்டத்துக்காரன், மேச்சேரிப் பக்கம். எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கும் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. அது என் தாய்மாமாவுடையது. 1987-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படையில் அவர் சாப்பராக இருந்தார். பாலம் போடுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. மாமா அந்தப் போரைப் பற்றி அதிகம் பேச மாட்டார். நான் கல்லூரியில் படித்தபோது ஒருநாள் விடாமல் கேட்டேன். அப்போது அவர் சொன்னது இவ்வளவுதான்:

“யார் எதிரின்னு சொல்லாமலே கப்பல் ஏத்திட்டாங்க கண்ணு. போய் இறங்கினப்ப மாலை போட்டாங்க. ரெண்டே மாசத்துல அதே தெருவுல குனிஞ்சுதான் நடக்க முடிஞ்சுது.”

அதன்பிறகு இந்த விஷயத்தைப் பற்றி எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். படிக்கப் படிக்க, மாமா சொன்ன முதல் வரிதான் முழுக் கதையும் என்று தோன்றுகிறது. சிப்பாய்கள் கோழைகளாக இருந்து தோற்ற போர் அல்ல அது. அந்தச் சண்டையின் முடிவில் என்ன வேண்டும் என்பதை டெல்லி கடைசிவரை முடிவு செய்யவே இல்லை.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சண்டை நின்ற 72 மணி நேரத்துக்குள் போராளிக் குழுக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆயுதம் வைத்திருந்த புலிகளோ அதில் கையெழுத்திடவில்லை. பிரபாகரனை டெல்லிக்கு அழைத்துவந்து அசோகா ஹோட்டலில் தங்க வைத்துப் பேசினார்கள். அவர் மனதார ஒப்புக்கொள்ளவில்லை என்பது ஆகஸ்ட் 4-இல் சுதுமலைக் கூட்டத்தில் அவர் பேசியதிலேயே தெரிந்துவிட்டது. அவர் தரமாட்டேன் என்றால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் தயாராக இல்லை. படைக்குப் பெயர் மட்டும் ‘அமைதி காக்கும் படை’. கையெழுத்துப் போட்ட மறுநாளே, அணிவகுப்பு மரியாதையில் நின்ற சிங்களக் கடற்படை வீரன் ஒருவன் ராஜீவை துப்பாக்கிக் கட்டையால் தாக்கினான். அந்த நாட்டின் தெற்கு இந்த ஒப்பந்தத்தை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறு வேண்டியதில்லை.

இப்போது எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். மேட்டூர் அணையைத் தாண்டிக் கொளத்தூர் போகிற வழியில் புலியூர் பிரிவு என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. 1980-களில் அந்தப் பக்கம் பொன்னம்மான் பொறுப்பில் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. அதை வைத்துத்தான் அந்தப் பெயரே நிலைத்தது. ஊருக்குத் தெரியும், அரசுக்கும் தெரியும். எம்.ஜி.ஆர். அவர்களுக்குப் பண உதவி செய்ததும் ஊரறிந்த விஷயம். வடக்கே டேராடூனுக்கு மேலே சக்ராதாவில் இந்திய அதிகாரிகளே போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மாமா ராணுவத்தில் சேர்ந்து பெங்களூரில் கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கவும் எடுக்கவும் பயின்ற காலமும் ஏறக்குறைய அதுதான். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில், அதைப் புதைக்கப் பயிலும் பையன்கள் இருந்தார்கள்.

ஒரு அரசு கொள்கையை மாற்றிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் நேற்றுவரை தானே வளர்த்த ஆட்களிடம் எவ்வளவு ஆயுதம் இருக்கிறது, எந்த அளவுக்குப் போவார்கள், எதற்காகச் சாகத் துணிவார்கள் என்பதெல்லாம் உலகத்திலேயே அந்த அரசுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தவர்கள் உளவுத் துறையில் இருந்தார்கள். சண்டைக்குப் போனவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. அந்தப் படையின் தளபதிகள் பின்னாளில் எழுதியவற்றில், சரியான உளவுத் தகவல் கிடைக்கவில்லை என்ற குறை திரும்பத் திரும்ப வருகிறது.

செப்டம்பர் 26-இல் நல்லூரில் புலிகளின் திலீபன், இந்தியாவிடம் கோரிக்கைகள் வைத்து உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டார். மக்கள் மனம் அன்றே பாதி திரும்பிவிட்டது. அடுத்து அக்டோபர் தொடக்கத்தில் புலிகளின் தளபதிகள் புலேந்திரன், குமரப்பா உட்பட 17 பேரை இலங்கைக் கடற்படை கடலில் பிடித்தது. அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோயே தீருவோம் என்று இலங்கை பிடிவாதம் பிடித்தது. இந்தியப் படை சுற்றி நின்ற பலாலித் தளத்திலேயே, அக்டோபர் 5-இல், அவர்கள் சயனைடு கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள். அந்த 17 பேரை எப்படியாவது இந்தியா தன் பொறுப்பில் வைத்திருந்தால் சண்டை தள்ளிப் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன். கொழும்பிடம் அழுத்திச் சொல்ல டெல்லிக்குத் தெம்பில்லாமல் போனது அந்த இடத்தில்தான். ஐந்தாறு நாளில் முழுப் போர் தொடங்கிவிட்டது.

அக்டோபர் 11 இரவு, புலிகளின் தலைமையைப் பிடிக்கலாம் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் படையை இறக்கினார்கள். இந்தியப் படையின் வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்டுப் புலிகள் முன்கூட்டியே காத்திருந்தார்கள். 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையிலிருந்து ஒரு முழு கம்பெனி இறங்க வேண்டியது. இறங்க முடிந்தது 30 பேர். சூடு பலமாக இருந்ததால் அடுத்த ஹெலிகாப்டர்கள் வரவில்லை. விடிந்து நேரமாகும்வரை சண்டை போட்டு 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். பஞ்சாபிலிருந்து வந்த பையன்கள். அந்த ஊரின் பெயரையே அதற்கு முன்பு கேள்விப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

சில நாளில் முடியும் என்று கணக்குப் போட்ட யாழ்ப்பாண நகரைப் பிடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியருமாக 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இதை நான் மறைத்து எழுதப் போவதில்லை. என் மாமா அணிந்த அதே சீருடை அணிந்தவர்கள் செய்தது அது. எந்த மக்களைக் காப்பாற்ற என்று போனார்களோ அவர்கள் முகத்தில் அதன்பிறகு விழிக்க முடியாமல் போனது.

மாமாவின் வேலை எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். என் தாத்தா சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வெடி வைப்பது, கேப்பு, ஒயர் எல்லாம் மாமாவுக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். யாழ்ப்பாணத்தில் தார்ச்சாலைக்கு அடியில், பக்கவாட்டில் குடைந்து, பீப்பாயில் மருந்தை அடைத்துப் புதைத்திருப்பார்கள். மேலே பார்த்தால் தார் அப்படியே இருக்கும். ஒயர் மட்டும் பனங்காட்டுக்குள் போகும். லாரி வரும்போது அங்கிருந்து பேட்டரியில் தொட்டால் போதும். “ரோட்டைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஓரத்து மண்ணைப் பார்க்கணும். கிளறின மண்ணு ஒரு நிறம் மாறி இருக்கும்” என்பார். இரும்புக் குச்சியைச் செங்குத்தாகக் குத்தாமல், படுக்கை வாட்டத்தில் சாய்த்து மெதுவாகச் செருகிப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு சாணாக. ஒரு கிலோமீட்டர் போக அரை நாள் ஆகும். சாயங்காலம் திரும்பிவிட்டால், மறுநாள் காலையில் அதே கிலோமீட்டரை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அவருக்குத் தமிழ் தெரியும் என்பதால் சோதனைக்குப் போகும்போது மொழிபெயர்க்கக் கூட்டிப் போவார்கள். ஒருநாள் ஒரு வீட்டு முற்றத்தில் வயதான அம்மா ஒருவர் இவரைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “தம்பி எந்த ஊர்?” என்று கேட்டாராம். சேலம் என்றிருக்கிறார். “சேலமோ? மேட்டூருக்குக் கிட்டவோ? என்ர மூத்தவன் அங்க கொஞ்ச நாள் நிண்டவன்” என்றாராம். கூட வந்த அதிகாரி, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று இந்தியில் கேட்டிருக்கிறார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் என்று மாமா சொல்லிவிட்டார்.

சரி, மேலிடத்தில் நடந்ததற்கு வருவோம். கொழும்பில் தூதர் தீட்சித் ஒரு பக்கம், உளவுத் துறை ஒரு பக்கம், டெல்லியில் தலைமைத் தளபதி சுந்தர்ஜி ஒரு பக்கம், களத்தில் தளபதிகள் ஒரு பக்கம். படை சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே உளவுத் துறை புலிகளோடு பேசிக்கொண்டும் இருந்தது. பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடச் சொல்லித் தூதர் மூலம் தனக்குச் செய்தி வந்ததாகவும், ராணுவத்தான் அப்படிச் செய்ய மாட்டான் என்று தான் மறுத்ததாகவும் 54-ஆவது டிவிஷன் தளபதி ஹர்கிரத் சிங் பின்னாளில் எழுதினார். நாலு பேர் நாலு போர் நடத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

1988 கடைசியில் வடக்கு-கிழக்கு மாகாணசபைத் தேர்தல் நடத்தி வரதராஜப் பெருமாளை முதலமைச்சராக்கினார்கள். அந்த அரசைக் காப்பாற்ற ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்று ஒன்றை உருவாக்கி, தெருவில் போகிற பையன்களைப் பிடித்துச் சேர்த்தார்கள். இந்தியப் படை கிளம்பியதும் அது சிதறிப்போனது, அதன் ஆயுதங்களில் பெரும்பகுதி புலிகள் கைக்கே போனது. இதற்கிடையில் கொழும்பில் ஆட்சி மாறி பிரேமதாசா வந்திருந்தார். அவர் 1989-இல் இந்தியப் படையைக் கிளம்பச் சொன்னதோடு நிற்காமல், அதை எதிர்த்துப் போரிடப் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். எந்த அரசின் அழைப்பில் போனோமோ அந்த அரசு கொடுத்த தோட்டாவால் நம் ஆட்கள் செத்தார்கள். அந்தப் போர் முழுவதிலும் சேர்த்துச் செத்த நம் ஆட்கள் சுமார் 1,200 பேர். இலங்கைத் தமிழர்களில் செத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

புலிகள் மேல் தப்பே இல்லையா என்று கேட்பீர்கள். நிச்சயம் உண்டு. 1986-லேயே சக தமிழ்ப் போராளி இயக்கமான டெலோவை அழித்தவர்கள் அவர்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகும் பெரும்பாலான ஆயுதத்தைப் பதுக்கிவைத்தார்கள். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் என்ன செய்தார்கள் என்பதையும் தமிழ்நாடு மறக்காது. ஆனால் எதிரே இருப்பவன் வாக்குத் தவறுவானா மாட்டானா என்று எடைபோடுவதுதானே படையை அனுப்புகிறவனின் முதல் வேலை? ‘அவன் ஏமாற்றிவிட்டான்’ என்பதை ஒரு வல்லரசு சாக்காகச் சொல்லக்கூடாது என்பது என் கருத்து.

நம் நாட்டுக்கே இதைச் சரியாகச் செய்யத் தெரிந்திருந்தது, அதுதான் ஆற்றாமை. 1971-இல் வங்கதேசப் பிரச்சினையில் உடனே போருக்குப் போகலாமா என்று இந்திரா காந்தி கேட்டபோது, மழைக்காலம் முடியட்டும், படையைத் தயார் செய்ய நேரம் வேண்டும் என்று தலைமைத் தளபதி மானெக்‌ஷா சொன்னார். அவர் கேட்ட நேரம் கிடைத்தது. டிசம்பர் 3-இல் தொடங்கியது 16-இல் முடிந்தது. என்ன வேண்டும், எப்போது திரும்புவோம் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெறும் 16 வருஷத்தில் அதே டெல்லிக்கு அது மறந்துபோனது.

மற்ற நாடுகளும் இதே குழியில்தான் விழுந்திருக்கின்றன. 2003 மே மாதம் ஈராக்கில் அமெரிக்கா நியமித்த நிர்வாகி பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் சம்பளமில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். 2022-இல் கீவ் நோக்கிப் போன ரஷ்ய வாகன வரிசை 60 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு ரோட்டிலேயே நின்றுபோனது. உக்ரைன் அரசு சில நாளில் விழுந்துவிடும் என்ற நம்பிக்கையில் போனவர்கள், விழாவிட்டால் என்ன என்று யோசிக்கவில்லை. படிக்கும்போது எனக்கு 1987 அக்டோபர்தான் கண்முன் வந்தது.

1990 மார்ச் 24-இல் கடைசிக் கப்பல் திருகோணமலையிலிருந்து கிளம்பியது. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கப் போக மாட்டேன் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி இருந்துவிட்டார். அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. மாமா துறைமுகத்திலிருந்து பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்ததும் நினைவிருக்கிறது. தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போய்விட்டு, கொளத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு மாமாவை அழைத்துப்போனேன். புலியூர் பிரிவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தார். டீ போட்டவரிடம், “அந்தக் காலத்துல இங்க நிறைய பசங்க இருந்தாங்களா?” என்று கேட்டார். அவர், “ஆமாங்கய்யா, எங்கப்பாதான் பால் ஊத்துவாரு” என்றார். மாமா டீயைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் இருந்த கரட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா மகன் பேர் என்னன்னு நான் கேக்கவே இல்ல கண்ணு” என்றார்.